ஐந்து காய் மிச்சமிருந்தபோது நிறுத்திய ஆட்டம்

செஸ் நடுவர் என்றால் ஆட்டம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் செஸ் நடுவர் என்றால் ஆட்டம் முடிவதற்கு முன்பே வாயைத் திறந்தாக வேண்டும். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு என் பிரஷர் மாத்திரை அட்டையைக் காட்டுவேன். பரீட்சை ஹாலில் பெல் அடிப்பதற்கு முன் பேப்பரைப் பிடுங்கிய சூப்பர்வைசர்கள், கபடியில் கையைத் தூக்கி அவுட் கொடுத்துவிட்டு அப்புறமாகக் கோட்டைக் குனிந்து பார்த்த அம்பயர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பி.டி. சாரைக் கூப்பிடுங்க

பென்னாகரம் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் நான் உடற்கல்வி ஆசிரியர். எல்லோருக்கும் பி.டி. சார். எப்போதோ ஒரு கோடை லீவில் பொழுது போகாமல் செஸ் நடுவர் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து தொலைத்தேன். அது பிரின்சிபாலுக்கு ஞாபகம் இருந்தது. போன வருஷம் மாணவர்கள் எழுதிய செஸ் புரோகிராம்களுக்கு எங்கள் காலேஜில் போட்டி வைத்தார்கள். பிள்ளைகள் ஆட மாட்டார்கள். அவர்கள் எழுதிய புரோகிராம்கள் ஒன்றோடொன்று ஆடும். ஆறு காலேஜ், ஆறு புரோகிராம், இரண்டு நாள். 'செஸ்ஸும் ஸ்போர்ட்ஸ்தானே சார்' என்று சொல்லி பிரின்சிபால் என்னை நடுவராகப் போட்டுவிட்டார். எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது அட்டெண்டன்ஸ் ஏற்றுவது ஒன்றுதான்.

லேப் பொறுப்பாளர் மல்லிகா மேடம் விதிகளை அச்சடித்துக் கதவில் ஒட்டினார். கம்ப்யூட்டருக்குச் சலிப்பே கிடையாது, தோற்றுப்போன ஆட்டத்தையும் இருநூறு மூவ் இழுக்கும், அதனால் நாமே நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். முதல் விதி: இரண்டு புரோகிராமும் ஒருசேர, ஒரு பக்கம் பத்துப் பாயிண்டுக்கு மேல் (ஒரு சிப்பாய்க்கு ஒரு பாயிண்ட் கணக்கு) முன்னால் இருக்கிறது என்று ஐந்து மூவுக்குக் காட்டினால், நிறுத்தி அந்தப் பக்கத்துக்கு வெற்றி. இரண்டாவது விதி: ராஜாக்களையும் சேர்த்து போர்டில் ஐந்தே காய் மிச்சமானால், நிறுத்தி அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஐந்து காய்க்குள் வரக்கூடிய எல்லா நிலைமைக்கும் முடிவு என்ன என்று முன்கூட்டியே போட்டுவைத்திருக்கிற பெரிய அட்டவணை அது, மேடத்தின் லேப்டாப்பில் இருந்தது. மூன்றாவது, செஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த பழைய விதி: தொடர்ந்து ஐம்பது மூவுக்கு யாரும் எதையும் வெட்டவில்லை, சிப்பாயும் நகரவில்லை என்றால் ஆட்டம் டிரா. மூன்றில் எனக்கு நன்றாகத் தெரிந்தது இந்த மூன்றாவதுதான், அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாத ஆட்டத்தை நான் எப்படி மேடம் முடித்துவைப்பது, பாவமில்லையா என்று கேட்டேன். மேடம் பசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாலிபால்ல பந்து கீழ விழுந்த பின்னாடி ஊதுவீங்க. இங்க அது விழப்போவுதுன்னு தெரிஞ்சதுமே ஊதிடணுங்க சார், அவ்ளோதான்."

மலையிலிருந்து வந்த சாமை

முதல் நாள் காலையில் ஒரு அப்பாவும் பெண்ணும் ஒரு பழைய சி.பி.யு.வைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வத்தல்மலையிலிருந்து வருகிறார்கள். பெண் ரேவதி, அரசு கல்லூரியில் கடைசி வருஷம். அப்பா மாதையன், மலையில் சாமையும் கொஞ்சம் மிளகும் போட்டிருக்கிறார். பெண் தன் புரோகிராமுக்கும் 'சாமை' என்றே பெயர் வைத்திருந்தாள். மற்றவர்களெல்லாம் வஜ்ரா, ராக்கெட், டைட்டன் என்று வைத்திருந்த இடத்தில் சாமை என்றதும் சில பையன்கள் சிரித்தார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை, ஒயரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மாதையன் வந்ததும் வராததுமாக என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். முதல் இரண்டு இடத்தில் வருகிற அணிகள் சென்னைக்குப் போகும். அங்கே நன்றாகச் செய்தால் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நேரடியாகப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ரேவதி ஒன்றாம் தேதி ஓசூரில் செல்போன் பூட்டுகிற கம்பெனியில் சேர வேண்டும், ஆர்டரும் வந்துவிட்டது. அந்த வேலையும் நல்ல வேலைதான், ஆனால் ஷிஃப்டில் நின்றுவிட்டால் புரோகிராம் எழுத முடியாது என்று பெண் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். இதை ஏன் இந்த மனிதர் என்னிடம் சொன்னார் என்று இருந்தது. நடுவனுக்கு இதெல்லாம் தெரியவே கூடாது. தெரிந்த பிறகு அந்தப் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓசூர்தான் ஞாபகம் வந்தது.

முதல் ஆட்டத்திலேயே சாமை வெளுத்து வாங்கியது. எதிராளியும் தான் பதினோரு பாயிண்ட் பின்னால் என்று ஒப்புக்கொண்டது. ஐந்து மூவ் எண்ணினேன், இன்னொரு தடவை எண்ணினேன், கையைத் தூக்கி நிறுத்தி சாமைக்கு வெற்றி என்றேன். மாதையன் ஸ்க்ரீனுக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். எதிராளி ராஜா பத்திரமாக மூலையில் நின்றுகொண்டிருந்தது. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "செயிச்சது சந்தோசங்க சார். ஆனா அடிச்ச மாதிரியே தெரியலீங்களே."

தானே சொல்லிக்கொண்ட வெற்றி

அன்று மத்தியானம் முதல் தப்பு செய்தேன். டைட்டன் என்றொரு புரோகிராம் இருந்தது. எந்த ஆட்டத்திலும் தனக்குப் பன்னிரண்டு, பதிமூன்று பாயிண்ட் அதிகம் என்றே காட்டும். ராணியைப் பறிகொடுத்த பிறகும் அதே தெம்பு. நான் அந்த ஸ்க்ரீனை மட்டும் பார்த்து ஐந்து மூவ் எண்ணி, நிறுத்தி, டைட்டனுக்கு வெற்றி என்று அறிவித்துவிட்டேன். இரண்டு புரோகிராமும் ஒருசேரச் சொல்ல வேண்டும் என்பதை மறந்தே போனேன். எதிராளி பையன் அழுகிற நிலைக்கு வந்து அவன் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினான். அங்கே அவன் ஒரு யானை அதிகமாக வைத்திருந்தான்.

ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, வெளியே போய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தேன். பிரின்சிபால் காதுக்கும் போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் காலேஜ் மானம் போகும் என்று போனில் சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. இனி தீர்ப்புச் சொன்னால் சொன்னதுதான், தயங்கவே கூடாது என்று. தப்பு செய்கிறவன் அடுத்து எடுக்கிற முடிவு எப்போதும் இப்படித்தான் இருக்கும். மல்லிகா மேடம் மட்டும் என்னைத் திட்டவில்லை. ஸ்கோர் பேப்பரைத் திருத்திக்கொண்டே சொன்னார்: "நான்தான் செயிச்சேன்னு தானா சொல்லிக்கிறவங்களுக்கெல்லாம் கப்பு குடுத்தா, நம்ம ஜில்லாவுக்கே கப்பு பத்தாதுங்க சார்."

காக்கா

இரண்டாம் நாள் கடைசி ரவுண்டு நடுவில் கரெண்ட் போனது. யு.பி.எஸ். பத்து நிமிஷம் பீப் பீப் என்று கத்திவிட்டு அதுவும் கண்ணை மூடியது. லைன்மேனுக்கு நான் ஏழு தடவை போன் போட்டேன். வந்தவரிடம், உள்ளே ஒரு பெண்ணின் வாழ்க்கை நின்றுகொண்டிருக்கிறது என்கிற அளவுக்குப் பேசிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் போனது. கம்பத்திலிருந்து இறங்கியவர் கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "உள்ள என்ன நிக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. மேல ஒரு காக்கா செத்துக் கெடந்துச்சு, எடுத்துட்டேன்."

பச்சை எழுத்து

கரெண்ட் வந்தபோது மணி நாலு தாண்டிவிட்டது. மலைக்குப் போகிற கடைசி பஸ் ஐந்தரைக்கு. பரிசளிப்புக்கு ஆள் வேறு வந்து உட்கார்ந்துவிட்டார். மற்ற எல்லா ஆட்டமும் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி: சேலத்து வஜ்ராவுக்கும் சாமைக்கும். வஜ்ரா எப்படியும் முதலிடம், அதில் மாற்றமில்லை. இரண்டாம் இடத்துக்குச் சாமையும் எங்கள் காலேஜ் ராக்கெட்டும் சமமாக நின்றன. சாமை டிரா செய்தால் அரைப் புள்ளி கூடி அது சென்னைக்குப் போகும். தோற்றால் ராக்கெட் போகும், ஏனென்றால் நேருக்கு நேர் ஆட்டத்தில் ராக்கெட் சாமையை வென்றிருந்தது. ஆக, நான் சம்பளம் வாங்குகிற காலேஜுக்கு சாமை தோற்றாக வேண்டும். இந்த நிலைமையில் என்னை நிறுத்திப் பார்க்க யார் எப்போது வேண்டிக்கொண்டார்களோ தெரியவில்லை.

ஆட்டம் இழுத்தது. ஒரு வெட்டுக்கு இன்னொரு வெட்டு என்று போய், கடைசியில் வெள்ளை வஜ்ராவுக்கு ராஜாவும் இரண்டு பிஷப்பும், கறுப்புச் சாமைக்கு ராஜாவும் ஒரு குதிரையும் மிச்சம். ஐந்து காய். நிறுத்தினேன். மல்லிகா மேடம் பரிசு ஹாலில் மைக் செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நானே லேப்டாப்பைத் திறந்து காய்களை அப்படியே வைத்துப் பட்டனை அழுத்தினேன். கொட்டை எழுத்தில், பச்சையில், 'வெள்ளைக்கு வெற்றி' என்று வந்தது. சாமையின் ஸ்க்ரீனிலோ இரண்டு பக்கமும் சமம் என்று பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. தோற்கிற நேரத்தில் இதற்கு என்ன தெனாவட்டு என்றுகூட நினைத்தேன்.

வஜ்ராவுக்கு வெற்றி என்று அறிவித்துவிட்டு ஸ்கோர் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். ரேவதி எழுந்து வந்தாள். அட்டவணையில் கீழே இன்னொரு எண்ணும் வந்திருக்கும், அதையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. எனக்கு முந்தின நாள் மானம் போனதுதான் கண்முன் நின்றது. பச்சையாக வெற்றி என்று எழுதியிருக்கிறதே அம்மா, இதில் இன்னும் என்ன பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சரிங்க சார். பஸ்சுக்கு நேரமாச்சு, ஒயரைக் கழட்டிக்கட்டுமா?"

சாம்பல் எழுத்து

அவர்கள் போய்க் கால் மணி நேரம் கழித்து மல்லிகா மேடம் வந்தார். ரிப்போர்ட்டோடு வைக்க அந்த அட்டவணைப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தார். எடுத்தவர் அதை என்னிடம் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என்ன மேடம் என்றேன். பேப்பரை மேஜையில் வைத்து, பச்சை எழுத்துக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் பொடியாக இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். குதிரையை வெட்ட ஐம்பத்தெட்டு மூவ் ஆகும் என்று இருந்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வெள்ளை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆடினாலும் அந்தக் குதிரையை ஐம்பத்தெட்டாவது மூவில்தான் பிடிக்க முடியும். போர்டில் சிப்பாயே இல்லை. அதுவரைக்கும் வெட்டும் இல்லை. அப்படியென்றால் ஐம்பதாவது மூவிலேயே ஆட்டம் டிரா. கதவில் ஒட்டியிருந்த மூன்றாவது விதி, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒரே விதி. சாமை பூஜ்யம் காட்டியது தெனாவட்டில்லை. ரேவதி அந்த ஐம்பதையும் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறாள். அவள் புரோகிராமுக்குத் தெரிந்தது சர்டிபிகேட் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. வெளியே ஹாலில் எங்கள் ராக்கெட் பையன்களை நிற்கவைத்துப் போட்டோ எடுக்கிற சத்தம் கேட்டது. மேடம் பேப்பரை மடித்தார். அப்படிச் செய் இப்படிச் செய் என்று எதுவும் சொல்லவில்லை. "இது இப்ப நம்ம ரெண்டு பேருக்குத்தாங்க சார் தெரியும். அந்தப் புள்ளைக்கு முன்னாடியே தெரியும்."

பிரின்சிபால் அறை

பிரின்சிபால் மோசமான மனிதர் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஆடவிட்டிருந்தால் சாமை நடுவில் தப்பு செய்து தோற்றிருக்கலாம் இல்லையா என்று கேட்டார். தோற்றிருக்கலாம்தான். ஆனால் ஆடவிடாமல் நிறுத்தியது நான். நிறுத்தினால் அட்டவணைப்படியும் விதிப்படியும்தான் சொல்ல வேண்டும், இருந்தாலும் இருக்கலாம் என்று தீர்ப்பு எழுத முடியாது என்றேன். நடுவர் தீர்ப்பே இறுதி என்று நோட்டீஸில் போட்டிருக்கிறதே என்றார். தப்பாகக் கையெழுத்துப் போட்டவன் நான், திருத்திக் கையெழுத்துப் போடுகிறவனும் நானாகத்தான் இருக்கணும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு மேஜையில் இருந்த அவருடைய தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "போடுங்க. ஆனா வெளிய மாலையோட நிக்கற நம்ம பசங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

மாலையோடு நின்ற பையன்

ராக்கெட் எழுதியவன் பிரபு, ஏரியூர் பையன். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லி, அவன் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. என் கபடி டீமிலும் இருக்கிறான், என்னைக் கண்டால் ஓடிவருவான். அவனை ஓரமாகக் கூப்பிட்டு, பிரிண்டை விரித்து, ஐம்பது, ஐம்பத்தெட்டு, டிரா என்று விளக்கினேன். நான் பாதி சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் புரோகிராம் எழுதுகிறவன்தானே. நான்தான் நிறுத்தத் தெரியாமல் முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையிலேயே கொடுத்தான். என்னைப் பார்க்கவில்லை. "விதிப்படி சரிதாங்க சார். நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பாத்திருந்தா, நான் அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்க மாட்டேன்."

ஐந்தரை மணி பஸ்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் பறந்தேன். திருத்திய பேப்பர் சட்டைப் பையில். வழியில் இரண்டு பேர் என்னைத் திட்டியது காதில் விழுந்தது, எதற்கென்று கேட்க நேரமில்லை. மலை பஸ் இஞ்சினைப் போட்டுவிட்டு உறுமிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தால் கடைசிக்கு முந்தின சீட்டில் அப்பாவும் மகளும். பெட்ஷீட் சுற்றிய சி.பி.யு. அவள் மடியில். மாதையன் என்னைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தார். அது எனக்கு இன்னும் வலித்தது.

நின்றுகொண்டே சொன்னேன். தப்பு என்னுடையது, கீழே இருந்த எண்ணை நான் பார்க்கவில்லை, ஆட்டம் டிரா, அரைப் புள்ளி உண்டு, இரண்டாம் இடம் சாமைக்கு, அடுத்த வாரம் சென்னை. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாதையன் குழம்பிப்போய், அப்படியானால் செயிச்சுட்டோமா என்று கேட்டார். இல்லை என்றேன். தோக்கலையா என்றார். அதுவும் இல்லை என்றேன். செயிக்கவும் இல்லாமல் தோற்கவும் இல்லாமல் மகள் எப்படிச் சென்னைக்குப் போகிறாள் என்பதைக் கண்டக்டருக்கு அவர் விளக்க ஆரம்பித்தார். கண்டக்டர் என்னை இறங்கச் சொன்னார்.

இறங்குவதற்கு முன் ரேவதியிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லார் எதிரிலும் சத்தம் போட்டதற்கும் சேர்த்து. ரொம்ப சந்தோஷப்படுவாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் முகம் கோபமாக இருந்தது, அந்தக் கோபத்தை அவள் மறைக்கவும் இல்லை. திருத்திய பேப்பரை வாங்கி, பச்சை எழுத்தையும் அதன் கீழே சாம்பல் எழுத்தையும், கடைசியில் என் கையெழுத்தையும் வரிவரியாகப் படித்துப் பார்த்த பிறகுதான் மடித்துப் பைக்குள் வைத்தாள். "நான் தீர்ப்பை மாத்தச் சொல்லலீங்க சார். பாக்கத்தான் சொன்னேன்."

ஆக, தப்பான தீர்ப்புக் கொடுத்த அரை மணி நேரம் காலேஜில் எல்லோருக்கும் நல்லவனாக இருந்த எனக்கு, அதைத் திருத்திய நாளிலிருந்து கேன்டீனில் டீ ஆறித்தான் வருகிறது.